சுடுநீர் நடைப் பாத்தியம்

பெட்டியைப் பிரித்ததும்
வேதமாணிக்கம் சார் கைகாட்டிய இடம்
குளியலறைக்குள், கண்ணாடிக்குப் பக்கத்தில்.
புது டைல்ஸ். இருந்த ஒரு சன்னலையும் அடைத்து
அன்னம் நீந்துகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள்.
“இங்கதாம்ப்பா பாதுகாப்பு. வெளிய வச்சா
மலைக் குரங்கு வந்து திருகைத் திருகும்.”

உள்ளே மாட்ட மாட்டேன் என்றேன்.

சித்திரை மாசம்.
மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர்
கேஸ் இல்லாமலே கொதித்துக் கிடந்தது.
பசுமலைக்கு வரும் வழியில் ஆட்டோக்காரரே கேட்டார்,
மதுரைக்கு எதுக்குண்ணே கீசர்?
தள்ளுபடி சித்திரையில் வருகிறது
முட்டிவலி மார்கழியில் வருகிறது
இரண்டுக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு
எஸ்தரம்மா நின்றார்கள்.

“ஏன் மாட்ட மாட்டே?”
புகையைச் சொன்னேன்.
வாசம் இல்லாத புகை, கண்ணைக் கரிக்காத புகை,
தீக்கும் மூச்சு வேண்டும் சார்,
அடைத்த அறையில் அது உங்கள் மூச்சைத்தான் எடுக்கும்.
சொல்லச் சொல்ல எனக்கே
கடையில் பேசுகிற பேச்சு மாதிரி இருந்தது.

அதனால் ஆனையூரைச் சொன்னேன்.
ஆறு வருஷம் முன்னால்
வீட்டுக்காரர் காட்டின சுவரிலேயே
பேசாமல் ஆணியடித்துவிட்டு வந்தவன் நான்தான்.
புதுப்பொண்ணு.
கதவை உடைத்தபோது ஷவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.
பிழைத்துக்கொண்டாள்.
கல்யாண ஆல்பத்தை மடியில் விரித்து
இன்னமும் ஒவ்வொரு முகமாய்
பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சார் ஒன்றும் சொல்லவில்லை.
எஸ்தரம்மாதான் பின்கதவைத் திறந்துவிட்டார்கள்.

பின்சுவர். மேலே தகரம், மூன்று பக்கமும் காற்று.
பெட்டி மேல் நட்சத்திரம் நட்சத்திரமாய் ஒட்டியிருந்தது.
அதெல்லாம் கடையில் ஒட்டியது.
சுவரில் ஏறியபின் எத்தனை மிஞ்சும் என்பது
ரசமட்டத்துக்குள் இருக்கிற அந்தக் குமிழிக்குத்தான் தெரியும்.

போர்த் தண்ணீர், நாக்கில் வைத்தால் கடல்.
வடிகட்டி இல்லாவிட்டால் ரெண்டே வருஷத்தில்
உள்குழாயெல்லாம் சுண்ணாம்புக் காளவாய்.
போட்டேன்.
வரும் வழியில் சூடு சிந்தாதபடி
குழாய்க்குக் கறுப்பு உறை மாட்டினேன்.
மிச்சம் ஒரே ஒரு துளை.
அன்னத்தின் கழுத்துக்கு நேரே.

“அந்த டைல்ஸ் இப்ப வர்றதில்லை தெரியுமா?”

தெரியும். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டு
சுத்தியல் வைக்காமல்
பல்வைத்தியர் மாதிரி கடைந்தேன்.
கடைசி நூல் கனத்தில் ‘டிக்’ என்றது.
தலைமுடி அளவு ஒரு கீறல்,
அலகிலிருந்து இறக்கை வரை.

நாற்பது வருஷம் திருமங்கலம் பதிவு ஆபீசில்
ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை படித்தவர்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.
பழைய பேரேட்டுத் தாள். பச்சை மை.

“மேற்படி வீட்டின் மேல்புறச் சுவரில்
வேப்பமரத்துக்குக் கிழக்கு, கண்ணாடிக்கு மேற்கு,
துணிக்கொடிக்குத் தெற்கு, தொட்டிக் குழாய்க்கு வடக்கு,
இதற்குள்பட்ட ஒன்றரை இன்ச் துவாரம் வழியாகச்
சுடுநீர் வந்து போக நடைப் பாத்தியம் உண்டு.
புகைக்கு இவ்வீட்டினுள்
யாதொரு உரிமையும் பாத்தியமும்
பின்தொடர்ச்சியும் இல்லை.”

வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடு என்றார்.
போட்டேன். இத்தனை வருஷத்தில்
ஒரு சுவருக்கு நான் போட்ட முதல் கையெழுத்து.
சாட்சி: எஸ்தர்.

பிறகு சோப்பு நுரையைக் குழைத்து
கேஸ் இணைப்புகளில் தடவிவிட்டு
மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஒரு குமிழிகூட வளரவில்லை.

குழாயைத் திறந்தால் கொதிநீர்.
பக்கத்துக் குழாயிலும் கொதிநீர், அது வெயிலுடையது.
இரண்டிலும் மாறி மாறி விரலை வைத்துவிட்டு
எஸ்தரம்மா சிரித்த சிரிப்பில்
சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

கூலியில் இருநூறு பிடித்துக்கொண்டார்.
தாளின் அடியில் அதையும் எழுதினார்:
“அன்னத்தின் வகையில்.”